வெள்ளை அட்டை

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஒரு நாய்க்காக மூன்று வீடுகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். நாயைக் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக, குளிப்பாட்ட, வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்க ஆள் வேண்டுமென்று ஒரு கட்டட கான்ட்ராக்டர் கேட்டிருந்தார். ஆள் கிடைத்துவிட்டார். அவர் முன்பு வேலை பார்த்த வீடுகளில் விசாரிப்பதுதான் பாக்கி. கோபக்காரரா, நாய் முரண்டு பிடித்தால் அடிப்பாரா, லீவு போட்டால் முன்கூட்டியே சொல்வாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது வீட்டு அம்மாள், "எங்க வீட்டுக்காரர் வந்தாக்கூட எங்க நாய் திரும்பிப் பார்க்காது, உங்க ஆளு வந்தா மட்டும் குதிக்கும்" என்றார். சிரித்துக்கொண்டே அதையும் நாய் வீட்டுக்கான பச்சை அட்டையில் எழுதிக்கொண்டேன். அந்தப் பச்சை அட்டைக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை கிடந்தது. அது என் அக்காவுக்காகப் போட்டது. அதிலும் விசாரிக்க வேண்டிய இரண்டு போன் நம்பர்கள் இருந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை இழுப்பறைக்குள் வைத்தேன். அக்கா செத்தது நாலு மாதம் கழித்துதான். ஆனால் எந்த நாளில் அவளைக் கைவிட்டாய் என்று யாராவது கேட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்வேன்.

எங்கள் ஆபீஸ் வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. சமையல், டிரைவர், குழந்தை பார்க்க, நோயாளி பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவோம். மாடியில் இரண்டு அறைகள். உள் அறையில் மேடம், வெளி அறையில் நானும் பயோடேட்டா அடிக்கிற பெண்ணும். வேலை தேடி வருகிறவர்களுக்குச் சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. மேடம் இரண்டு விதமாகக் கட்டணம் வைத்திருந்தார். வேலையாளின் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கட்டினால் பச்சை அட்டை. அதில் பாதி கட்டினால் வெள்ளை அட்டை. பச்சை அட்டைக்காரர்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்போம். அங்கே இருப்பவர்களின் குணமென்ன, நோயென்ன, மாடிப்படி எத்தனை, குளியலறை எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வோம். பிறகு வேலையாளை உட்காரவைத்துப் பத்துக் கேள்விகள் கேட்போம், அவர் முன்பு இருந்த இரண்டு மூன்று வீடுகளுக்கும் போன் செய்து அதையே கேட்போம். அந்தப் பத்தையும் எழுதியவள் நான்தான். வெள்ளை அட்டைக்காரர்களுக்கு மூன்று பயோடேட்டாவைக் கையில் கொடுத்து, "பார்த்து எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு அட்டைக்கும் ஆட்கள் ஒரே அலமாரியிலிருந்துதான் வந்தார்கள். பச்சைக்குத் தனியாக நல்லவர்கள், வெள்ளைக்குத் தனியாகச் சுமாரானவர்கள் என்றெல்லாம் யாரும் பிரித்து வைக்கவில்லை. அதிகம் கட்டியவர்களுக்கு நல்ல ஆள் போகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் அதை மறுக்கவில்லை. அவர்கள் கொடுத்த அதிகக் காசுக்கு உண்மையில் கிடைத்ததெல்லாம் நான் போனில் கேட்ட கேள்விகள்தாம். பன்னிரண்டு வருடமாக அதைச் செய்கிறேன். ஆபீஸில் என் பட்டப்பெயர் போலீஸ். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நான் வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்கா என்னைவிடப் பதினாலு வயது மூத்தவள். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், பிறகு அதை மறந்தே போனாள். எனக்குக் கல்யாணமாகி மூன்றே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குளிச்சுட்டு வா, பசிக்கும்" என்றாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தாள். எந்த பஸ் எந்த மேடையில், எது எத்தனை மணி தாமதம், காணாமல்போன குழந்தை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்ததும் பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள். "உங்களால எத்தனை பஸ்ஸ விட்டிருக்கேன் தெரியுமா" என்று ஒருவர் சண்டைக்கே வந்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற நாலாம் வருடம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. குரலும் போயிற்று. முழுதாகப் போகவில்லை, நூல்போல் மெலிந்துவிட்டது. பக்கத்தில் குனிந்து நின்றால்தான் கேட்கும். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பில் நானே பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் விடுப்பு கிடைக்காது. பகலில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்றானபோது மேடமே சொன்னார்.

"பச்சையிலேயே போட்டுக்கோங்க. உங்களுக்கு நான் குறைச்சுக்கறேன்."

"என்ன மேடம், நான் செய்யற வேலைய நானே காசு குடுத்து வாங்கணுமா? வெள்ளையில போடுங்க. போன் பண்ண எனக்குத் தெரியாதா?"

ஆபீஸே சிரித்தது. மேடமும் சிரித்தார். நானும்தான். பயோடேட்டா அடிக்கிற பெண் மூன்று தாள்களை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது தாளில் இருந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. ஒல்லியான கழுத்து, பெரிய கண்கள், போட்டோவிலேயே தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஐந்து வருடம் ஒரே வீட்டில் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறாள். ஐந்து வருடம் ஒரு வீட்டில் தாக்குப்பிடித்தவள் மோசமாகவா இருப்பாள் என்று நினைத்தேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். அந்த வாரம் ஏழு பச்சை அட்டைகள் வந்திருந்தன. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை அவள் வந்து வாசலில் நின்றுவிட்டாள். வந்தவளை வைத்துக்கொண்டு விசாரிப்பது ஒருமாதிரியாக இருந்தது. அட்டை இழுப்பறையிலேயே கிடந்தது.

முதல் வாரத்திலேயே வீடு மாறிவிட்டது. சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போது அக்கா குளித்து, தலைவாரி, ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். விழுந்த கையைத் தலையணை மேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருப்பாள் அந்தப் பெண். என்னைச் சின்னக்கா என்றாள், அக்காவைப் பெரியக்கா என்றாள். அக்கா அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தாள். யார் பேசினாலும் குருவி தலையைச் சாய்த்துக் கேட்பாள். அது மரியாதை என்று நினைத்தேன். நடக்கப் பழக்கும்போது எப்போதும் அக்காவின் இடது பக்கமே நிற்பாள். விழுந்த பக்கம் வலது, தாங்கவேண்டியதும் அந்தப் பக்கம்தானே என்று ஒருநாள் கேட்டேன். "இப்படித்தான் வசதியா இருக்கு சின்னக்கா" என்றாள். அக்கா உடனே, "அவ பாட்டுக்குப் பாக்கட்டும், நீ உன் போலீஸ் வேலைய ஆபீஸ்ல வச்சுக்கோ" என்றாள். நூல் குரலில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில் நான் கேள்வியை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு எரிச்சல். துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்புகள் கூடத்திலும் சமையலறைத் தரையிலும் இறைந்து கிடக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தினமும் ஐந்தாறு. கால் வைத்தால் நடு உள்ளங்காலில் குத்தி உயிர்போகும். அக்காவின் கட்டிலோரம் ஒரு டப்பா நிறைய வேறு அவை இருந்தன. "கொடியில இருக்கவேண்டியது எதுக்கு இங்க கெடக்கு?" என்று குருவியைத் திட்டினேன். அவள் பொறுக்கி எடுத்து மறுபடி டப்பாவில் போட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை. இரண்டு பேரும் என்னமோ கூட்டுக் களவாணித்தனம் செய்கிறார்கள் என்று எண்ணி, உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். என்னோடு இத்தனை வருடம் இருந்தவள் என்னிடம் அப்படி ஒரு ரகசியம் வைத்துக்கொண்டதில்லை.

நாலாவது மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் கூடத்தில் கிளிப்பை மிதித்துவிட்டேன். வலி உச்சந்தலைக்கு ஏறியது. குருவி இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா தூக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் பொறுக்கி, டப்பாவோடு கொண்டுபோய்ப் பால்கனியில் துணிக்கூடைக்குள் போட்டுவிட்டு வந்தேன். குருவி வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்டை வீடு மாதிரி வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் போன் செய்தார். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு அவர்தான் கதவைத் தட்டியிருக்கிறார்.

அக்கா பாத்ரூம் போக எழுந்திருக்கிறாள். கட்டிலிலிருந்து இரண்டடி வைப்பதற்குள் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து, தலை கதவு நிலையில் மோதியிருந்தது. குருவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். கூப்பிட்டது காதில் விழவில்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அவளை நான் பேசாத பேச்சில்லை. நாலு எட்டுத் தூரத்தில் இருந்துகொண்டு கேட்கவில்லையா, காது என்ன அடைத்தா போயிற்று, போனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கத்தினேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "இனி என் கண்ணு முன்னாடி வராதே" என்றதும் கையில் வைத்திருந்த அக்காவின் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் அக்கா அங்கே இருந்தாள். கண் திறந்தபோதெல்லாம் என் தோளுக்கு மேலே கதவைப் பார்த்தாள்.

"குருவி எங்கடி?"

"வருவா. இப்பத்தான் வீட்டுக்குப் போனா."

ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தப் பொய்யைச் சொன்னேன். ஏழாம் நாள் என் காதைத் தன் வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டேன்டி. அவ மேல தப்பில்ல. அவள ஒண்ணும் சொல்லிடாத."

"சொல்லல" என்றேன். ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி பஸ் பெயர்களைச் சொன்னவள், நாலு எட்டுத் தூரத்துக்குக் கூப்பிட்டு யாருக்கும் கேட்காமல் விழுந்திருக்கிறாள். அந்த ஆத்திரம் முழுவதையும் குருவி மேலேயே வைத்திருந்தேன். அது யார் மேலாவது இருக்கத்தான் வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் விடிகாலை அக்கா போய்விட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குத் திரும்பினேன். மேடம் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பேனா தேடி இழுப்பறையைத் திறந்தபோது வெள்ளை அட்டை இருந்தது. ஏன் அதிலிருந்த நம்பரை அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மோசமானவள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் இருக்கும். எடுத்தவர் அந்தப் பெரியவரின் மருமகள்.

"ஏஜென்சியா? அப்பவே கூப்பிடுவீங்கன்னு பார்த்தேனே! அவளுக்கு வேலை கெடைச்சிருச்சா?"

"கெடைச்சது. எப்படிப்பட்ட பொண்ணு?"

"தங்கம். எங்க மாமாவ நாங்களே அவ்வளவு பார்த்ததில்ல. அந்த இடது காதுதான் சுத்தமா கேக்காது, பாவம். சின்ன வயசுல சீழ் வச்சுப் போச்சாம். ஆனா எங்க மாமா போடற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும், அதனால எங்களுக்கு ஒண்ணும் தெரியல. மெதுவா பேசறவங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, அவளுக்கும் கஷ்டம் அவங்களுக்கும் கஷ்டம். நீங்க போன் பண்ணா இத மறக்காம சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தேன். இப்ப எங்க இருக்கா?"

போனை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் ஆகியிருந்தது. நாய்க்காக அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தில் எனக்கே என் அழுகை கேட்கவில்லை. வெளியே பயோடேட்டா அடிக்கிற பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள், அதுவும் கேட்கவில்லை.

அதற்கடுத்த திங்கள்கிழமை குருவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மேடம் உள்ளேயிருந்து வந்து ஒரு வெள்ளை அட்டையை என் மேசையில் வைத்தார்.

"மூச்சுத்திணறல் இருக்கற ஒரு பெரியவர். மகன் வெளிநாட்டுல, அவசரமா ஆள் கேக்கறாங்க. இவ உங்க வீட்டுலயே நாலு மாசம் இருந்தவ, இதுக்கு மேல என்ன விசாரிக்கப் போறோம். அட்ரஸ குடுத்து அனுப்பிடுங்க."

"மேடம்…"

"வெள்ளை அட்டைங்க" என்றார் மேடம், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவர் உள்ளே போனதும் குருவியை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் திருப்பலை நாலு மாதம் வீட்டில் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு அது என்னவென்று கேட்கத் தோன்றியதேயில்லை.

"காது விஷயத்த ஏன் சொல்லல?"

அவள் பதறவில்லை. "சொன்னா யாரு வேலை குடுப்பாங்க சின்னக்கா? இதுக்கு முன்னாடி ரெண்டு ஏஜென்சில சொல்லிப் பார்த்துட்டேன். ஆனா நீங்க கேட்டிருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டேன். இங்க ஒரு அம்மா பத்துக் கேள்வி கேப்பாங்க, ஒண்ணும் மறைக்க முடியாதுன்னு பெஞ்சுல இருந்தவங்க சொன்னாங்க. பயந்துகிட்டேதான் வந்தேன். நீங்க ஒண்ணுமே கேக்கல."

பேனாவை மூடினேன், திறந்தேன்.

"பெரியக்காவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாங்க, நான் வரல. பக்கத்துல வந்ததும் கைய காதுல வச்சு, கேக்காதான்னு ஜாடையா கேட்டாங்க. அழுதுட்டேன். 'போலீஸ்கிட்ட சொல்லாத, உன்ன அன்னிக்கே அனுப்பிருவா. நாம பாத்துக்கலாம்'னாங்க. அதுக்கப்புறம்தான் அந்தக் கிளிப்பு. கூப்பிடணும்னா எடுத்து வீசுவாங்க. சமையக்கட்டு வரைக்கும் வந்து என் காலடியில விழும். இடது கையாலயே என்னமா குறி வைப்பாங்க தெரியுமா! சிவப்புன்னா பாத்ரூம், மஞ்சள்னா தண்ணி, நீலம்னா சும்மா பேச." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீலம்தான் நெறைய வரும்."

சிவப்பையும் மஞ்சளையும் நீலத்தையும் நான்தான் ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொண்டுபோய்த் துணிக்கூடைக்குள் போட்டேன். அக்கா கண் விழித்து, குருவியைக் கூப்பிட்டு, பிறகு இடது கையைக் கட்டிலோரம் நீட்டித் துழாவியிருப்பாள். மேலும் கொஞ்சம் துழாவியிருப்பாள். என்னோடு வாழ்ந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கை நீட்டிய இடத்தில் நான் எதையாவது வைத்திருந்த நாட்களே குறைவு. அவளாகவே வைத்திருந்த ஒன்றையும் எடுத்துவிட்டேன்.

"அந்த டப்பாவ எடுத்தது நான்தான்" என்றேன். குரல் அக்காவின் குரல்போல்தான் வந்தது. குருவி முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டாள்.

"தெரியும் சின்னக்கா. அன்னிக்குத் துணி எடுக்கப் போனப்ப பார்த்தேன், எல்லாம் முடிஞ்சப்புறம்."

"அப்ப ஆஸ்பத்திரியில நான் அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உள்ள பெரியக்கா கெடந்தாங்க. அவங்கள நீங்கதான் பார்த்துக்கணும். அப்ப போயி அத எப்படிச் சொல்றது?"

நான் அவளை வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை போன் செய்திருந்தால் இவளை வேண்டாமென்றிருப்பேன். அதில் சந்தேகமேயில்லை. மூன்றாவது பயோடேட்டாவில் இருந்த பெண் வந்திருப்பாள். அவளுக்கு இரண்டு காதும் கேட்டிருக்கும், அக்கா இன்றைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியிருப்பாளா? எனக்குத் தெரியாது. எவ்வளவு கட்டணம் கட்டினாலும் யாரும் இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. எனக்கு அக்கா வேண்டும், அவ்வளவுதான்.

அழுது முடித்தபோது குருவி அங்கேயேதான் இருந்தாள்.

"எனக்கு வேலை வேணும் சின்னக்கா" என்றாள் மெதுவாக. "ஆனா அந்தப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பாதீங்க. மூச்சு முட்டினா அவரால கத்த முடியாது."

வெள்ளை அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அலமாரியிலிருந்து பச்சை அட்டைக்கான விசாரிப்புப் படிவத்தை எடுத்தேன். மேடம் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தார். பார்க்கட்டும். இவளை எங்கே அனுப்பலாம், எந்த வீட்டில் இரைந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கே இவளுடைய காது ஒரு குறையாக இருக்காது, எல்லாவற்றையும் பார்த்துத்தான் அனுப்புவேன். அதற்கு யாரும் கட்டணம் கட்டவில்லை.

முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை வருட அனுபவம், ராத்திரி தங்க முடியுமா, கோபம் வந்தால் என்ன செய்வாய். எனக்குத் தெரிந்ததையும் கேட்டேன். அவளும் அப்போதுதான் என்னைப் பார்க்கிறவள்போல ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். ஒன்பதாவது கேள்வி வந்தது.

"கண்ணு, காது, கை, கால் எல்லாம் சரியா இருக்கா?"

"இடது காது கேக்காது. எழுதிக்கோங்க."

எழுதினேன்.

"கடைசியா இருந்த வீட்டு நம்பர் சொல்லு. விசாரிக்கணும்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டு நம்பரை இலக்கம் இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மதியம் நான் கூப்பிடும்போதெல்லாம் அவள்தான் எடுத்து, அக்காவின் காதில் வைப்பாள். நான் ஒவ்வொரு இலக்கமாக எழுதிக்கொண்டேன். எழுதியதும் கை தன்பாட்டில் போனை எடுத்தது. பன்னிரண்டு வருடமாக நம்பரை எழுதியவுடன் செய்கிற காரியம். கடைசி இலக்கத்தை அழுத்தியபோதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. ஆனால் வைக்க மனம் வரவில்லை.

அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. பூட்டிய வீட்டில், விரித்தபடியே கிடக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது. இவள் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் அங்கே ஒருத்தி சொல்லியிருப்பாள். குருவி நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, கேட்கிற காதை ரிசீவர் அருகே கொண்டுவந்து, யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.